மலையை நாடிய ஆசிரியர்

நல்லாசிரியனது இலக்கணம் கூறப் புகுந்த பவணந்தி முனிவர், நன்னூலின்கண், அவனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கனையும் உவமையாக எடுத்தோதினார். ஆண்டுதோறும் இப்பகுதியை மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றேன். சென்ற ஆண்டு இதனைச் சொல்லிக்கொண்டிருக்குங்கால், பின் வரிசையிலிருந்த சிறுவனொருவன் எழுந்து, “ஐயா, மலை போன்ற ஆசிரியரைக் கண்டவர் உண்டோ?” என வினவினான். வகுப்பிலிருந்தோர் நகைத்தனர். யானோ நகைத்திலேன். அவ்வினாவிற்கு விடையாக அன்று அவர்களுக்கு உரைத்த ஓர் ஆசிரியரின் வரலாற்றையே, நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிந்து மகிழுமாறு ஈண்டு எழுதலானேன்.

அவர் நம் நாட்டினர் அல்லர், ஆங்கில நாட்டினர். ஜார்ஜ் மாலரி என்பது அவர் பெயர். எவரெஸ்டு என வழங்கும் உலகின் மிக உயர்ந்த கொடுமுடியை நாடிச் சென்று, அதன்கண்ணே உயிர் நீத்தவர். மலையேறி என்றே உலகம் அவரை அறியும். ஆயினும் அவர் வாழ்நாளிற் பெரும்பகுதியிற் செய்த தொழில் பள்ளியாசிரியர் தொழிலே. அவரை ஆசிரியராக வைத்து நினைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்மலைக்கும் நம் தமிழகத்திற்கும் ஓர் இயைபு உண்டு. இந்திய நிலப்பரப்பினை முக்கோண முறையால் அளக்கத் தொடங்கிய பேரளவை, 1802ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த பரங்கிமலையின் அருகே இட்ட அடிக்கோட்டினின்றே எழுந்தது. தெற்கே தொடங்கிய அவ்வளவை படிப்படியே வடக்கே சென்று, அரை நூற்றாண்டுக்குப் பின்னர் இமயத்தை எட்டி, இக்கொடுமுடியின் உயரத்தைக் கணக்கிட்டது. 1856ஆம் ஆண்டில் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. திபெத்தியர் சோமோலுங்மா எனப் போற்றும் அம்மலைக்கு, நில அளவைத் தலைவராயிருந்த எவரெஸ்டு என்பாரின் பெயரை 1865ஆம் ஆண்டிற் சூட்டினர். உயரம் அறியப்பட்டது, ஏறுவார்தாம் அதன்பின் நெடுங்காலம் இலராயினர்.

மாலரியார் 1886ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18ஆம் நாள், செஷயர் மாநிலத்து மாபர்லி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கிறித்தவக் குருக்கள். ஏழு வயதுச் சிறுவராக இருந்தபோதே அவர் தந்தையாரின் கோயிற் கூரைமேல் ஏறிவிட்டார் என்பர். எனினும், ஏறுங் குணத்தை ஏறுங் கலையாக மாற்றியவர் ஓர் ஆசிரியரே. வின்செஸ்டர் பள்ளியிற் பயிலுங்கால், அங்கு ஆசிரியராயிருந்த கிரகாம் இர்விங் என்பார், 1904ஆம் ஆண்டு விடுமுறையில் இவரையும் மற்றொரு மாணவரையும் ஆல்ப்ஸ் மலைகளுக்கு அழைத்துச் சென்றார். வழிகாட்டிகளின்றிச் சிறுவரைப் பனிமலைக்கு அழைத்துச் செல்லுதல் தகாது என மூத்த மலையேறிகள் சிலர் பின்னர்க் குறை கூறினர். அக்குறையிலும் பொருளுண்டு. ஆயினும் ஓராசிரியர் விடுமுறையில் ஒரு மாணவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றிராவிடின் இவ்வரலாறே பிறந்திராது.

கேம்பிரிட்ஜின் மாடலின் கல்லூரியில் வரலாறு பயின்ற பின், 1910ஆம் ஆண்டில் மாலரியார் சார்ட்டர்ஹௌஸ் என்னும் பழம்பெரும் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். இனி, பவணந்தியார் கூறிய நான்கு உவமைகளையும் இவர் வாழ்வோடு பொருத்திக் காண்போம்.

முதலாவது மலர். காண்பார் மகிழ, மென்மையோடு முகம் மலர்ந்திருத்தலே அதன் இயல்பு. மாலரியார் ஆசிரியராய் வந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. தோற்றமோ அதனினும் இளையது. பள்ளி மாணவருள் ஒருவரெனப் பலரும் அவரை மயங்கினர் என்று, அவரிடம் பயின்று பின்னாளிற் பெருங்கவிஞராக விளங்கிய ராபர்ட் கிரேவ்ஸ் எழுதியுள்ளார். அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் ஆசிரியரும் மாணவரும் இருவேறு பகைப் படைகள்போல் எதிரெதிர் நின்றனர். மாலரியார் அம்முறையைக் கைக்கொண்டாரல்லர். மாணவரைத் தமக்கு நிகராக நடத்தினார். தம் அறைக்கு வரவிட்டார். தம் நூல்களை எடுத்துப் படிக்கவிட்டார். அவர்களோடு வயல்வெளிகளில் உலாவினார். பாடத்திட்டத்தில் இடம்பெறாத அக்காலத்துப் புதிய எழுத்தாளர்களின் பெயர்களைக் கிரேவ்ஸ் முதன்முதல் கேட்டது இவர் வாயிலாகவே. பிற மாணவராற் பெரிதும் துன்புற்றுத் தனித்திருந்த அச்சிறுவருக்கு இவ்வாசிரியரது அறை ஒரு புகலிடமாயிற்று.

ஈண்டு உண்மையை மறைத்தல் ஆகாது. வகுப்பினை அடக்கி ஆள்வதில் மாலரியார் வல்லவரல்லர். அவரது நட்பு முறையைப் புரிந்துகொள்ளாத மாணவர் பலர். அதனை எளிமையெனக் கொண்டு கூச்சலிட்டோரும் உண்டு. அப்பள்ளியில் அவர் திறமை வீணாயிற்று என்றே கிரேவ்ஸ் கருதினார். மென்மையையே கருவியாகக் கொண்ட ஆசிரியர்க்கு நேரும் இடர் இது. வகுப்பு முழுவதும் வணங்கி நிற்க, ஒருவன் நெஞ்சமேனும் திறவாத ஆசிரியரும் உளர். வகுப்பு கூச்சலிட, ஒருவன் நெஞ்சம் வாழ்நாள் முழுதும் மறவாத ஆசிரியரும் உளர். இவருட் பயன் மிகச் செய்தவர் யார் என்பதைக் காலமே காட்டும்.

இர்விங் தமக்குச் செய்ததனை மாலரியார் கிரேவ்ஸுக்குச் செய்தார். விடுமுறையில் அம்மாணவரை வேல்ஸ் நாட்டு ஸ்னோடன் மலைக்கு அழைத்துச் சென்று பாறையேறக் கற்பித்தார். அந்நட்பு பள்ளியோடு முடிந்திலது. 1918ஆம் ஆண்டில் கிரேவ்ஸ் மணம் புரிந்தபோது, மணத்தோழராக அருகில் நின்றவர் அவருடைய பழைய ஆசிரியரே.

இரண்டாவது நிலம். பொறுத்தலும், பருவமறிந்து உழைப்பார்க்கு உழைப்பின் அளவே பயன் தருதலும் அதன் இயல்புகள். 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மாலரியார் ரூத் என்னும் நங்கையாரை மணந்தார். ஒரு வாரத்திற்குள் முதல் உலகப்போர் மூண்டது. பீரங்கிப் படையிற் சேர்ந்து பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் நின்று மீண்டு, 1919ஆம் ஆண்டில் மீளவும் அப்பள்ளிக்கே வந்தார். 1921ஆம் ஆண்டில் எவரெஸ்டை ஆராயும் முதற் குழுவில் இடம் கிடைத்தது. மனைவியார் முதலில் இசைந்திலர். குடும்ப நண்பரொருவர் வந்து பேசிய பின்னரே இசைந்தார். மாலரியார் பள்ளி வேலையைத் துறந்து புறப்பட்டார்.

அக்காலத்தில் நேபாளத்தின் வழி அயலார்க்கு அடைபட்டிருந்தது. ஆகவே தார்ஜிலிங்கினின்று புறப்பட்டுத் திபெத்தின் வழியாக நெடுந்தொலைவு சுற்றியே செல்லவேண்டியதாயிற்று. மலையின் அடிவாரம் எங்குளது என்பதற்கும் அன்று சரியான படம் இல்லை. குழுவில் ஒருவராகிய கெல்லாஸ் என்னும் அறிஞர் வழியிலேயே இறந்தார். மாலரியாரும் அவர் தோழர் புல்லக்கும் திங்கள் கணக்காகப் பனியாறுகளிலே அலைந்தனர். உடன் வந்த ஷெர்ப்பாக்களுக்குக் கயிற்றையும் பனிக்கோடரியையும் கையாளக் கற்பித்தனர். வகுப்பறையைத் துறந்தும் ஆசிரியத் தொழில் அவரைத் துறந்திலது காண்க. ஒருமுறை, புகைப்படக் கருவியிற் கண்ணாடித் தகடுகளை முன்பின் மாற்றிப் பொருத்திவிட்டமையால், அரிதின் முயன்று எடுத்த படங்கள் பாழாயின. மறதி மிக்க மனிதர் அவர். தம் பிழையை உணர்ந்ததும், ஏறிய இடங்களுக்கு மீண்டும் ஏறிப் படமெடுக்க முற்பட்டார். முடிவில், செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள், ஏறத்தாழ 23,000 அடி உயரமுள்ள வடகணவாயை அடைந்து, கொடுமுடிக்கு வழி உண்டென்பதனை உறுதிசெய்து திரும்பினர். அவ்வாண்டின் உழைப்பு விதைப்பு, விளைவு பின்னர்த்து.

மூன்றாவது நிறைகோல். நடுவு நிற்றல் அதன் இயல்பு. இதுவே நம்மனோர் ஊன்றி நோக்கற்பாலது.

1922ஆம் ஆண்டில் இரண்டாங் குழு சென்றது. மே திங்கள் 21ஆம் நாள் மாலரியாரும், நார்ட்டனும், சாமர்வெல் என்னும் மருத்துவரும், பிராணவாயுக் கருவியின்றியே ஏறத்தாழ 27,000 அடி வரை ஏறினர். மனிதர் அதுகாறும் அத்துணை உயரம் ஏறியதில்லை. இறங்குங்கால், ஒரே கயிற்றிற் பிணைந்திருந்த நால்வருள் ஒருவர் சறுக்க, மற்றிருவரும் உடன் இழுபட்டனர். மாலரியார் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை அதன்மேற் சுற்றிப் பற்றியமையால் நால்வரும் பிழைத்தனர்.

அதனோடு அமைந்திருக்கலாம். ஆயினும் பருவமழைக்கு முன் மற்றொரு முயற்சி செய்ய எண்ணி, ஜூன் திங்கள் 7ஆம் நாள், புதுப்பனி மிகுந்து கிடந்த சரிவின்மேல், சுமை தூக்குவோர் பதினால்வருடன் வடகணவாயை நோக்கி ஏறினர். மாலரியாரும் சாமர்வெல்லும் மற்றொரு ஆங்கிலேயரும் முன்னே சென்றனர். பனிச்சரிவு ஒன்று பெயர்ந்து வந்தது. ஆங்கிலேயர் மூவரும் தப்பினர். சுமை தூக்குவோருள் ஒன்பதின்மர் பனிக்கட்டிப் பாறையின் விளிம்பைக் கடந்து கீழே வீழ்ந்தனர். இருவரைத் தோண்டி உயிரோடு மீட்டனர். எழுவர் இறந்தனர்.

இவ்விடத்து மாலரியார் செய்தது யாது? பருவத்தைப் பழித்தாரா? விதியைப் பழித்தாரா? இல்லை. தம் மனைவியார்க்கும் நண்பர்க்கும் எழுதிய கடிதங்களில், அப்பிழை தம்முடையதே என எழுதினார். பனியின் இயல்பை அறியாது தம்மை நம்பி வந்தோரைக் காக்கும் கடன் தமக்கே இருந்தது என்பதே அவரை வருத்தியது. ஆசிரியராயிருந்தவர்க்கு இவ்வருத்தத்தின் தன்மை விளங்கும். நம்பி வருவோனை அறியாத இடத்திற்கு அழைத்துச் செல்வதே நம் தொழில் அன்றோ?

உடனிருந்த சாமர்வெல்லின் நெஞ்சமும் இதனாற் புண்பட்டது. இறந்தோர் அனைவரும் சுமை தூக்கியோராகவே இருக்க, அவர் கதியைத் தம்முள் ஒருவரேனும் பகிர்ந்துகொள்ளாது போனோமே என அவர் வருந்தி எழுதியுள்ளார். அக்குழு கலைந்த பின், அவர் தென்னாட்டிற் பயணஞ் செய்து, அன்று திருவிதாங்கூரிலும் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரின் மருத்துவ நிலையத்தைக் கண்டார். நோயாளர் கூட்டத்தையும் மருத்துவர் குறைவையும் கண்டு மனம் பொறாராய், இலண்டனிற் காத்திருந்த பெருவாழ்வை விடுத்து அங்கேயே பணிபுரியலானார். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். அவர் நம்மவர்க்குச் செய்த மருத்துவப் பணி ஏறத்தாழ நாற்பதாண்டு நீண்டது. எவரெஸ்டில் மாலரியாரோடு ஒரு கூடாரத்தில் அமர்ந்து ஷேக்ஸ்பியரைப் படித்த அதே மனிதர்தாம் நெய்யூரில் ஏழையர்க்கு அறுவை மருத்துவம் செய்தவர்.

நான்காவது மலை. அளத்தற்கரிய உயர்வும், அசைத்தற்கரிய நிலையும், வறட்சியிலும் வளந்தரும் வண்மையும் அதன் இயல்புகள்.

1923ஆம் ஆண்டில் மாலரியார்க்குக் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு புதுத்தொழில் வாய்த்தது. பள்ளிப்படிப்பைத் தொடரமாட்டாது உழைப்பிற் புகுந்த ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வகுப்பு நடத்தும் தொழில் அது. கல்வி செல்வர்க்கே உரியது என்பதை ஒப்பாத அவர்க்கு இது மிக உவந்ததாயிற்று. மனைவியும் மக்கள் மூவரும் புது இல்லத்திற் குடியேறினர். அந்நிலையில் மூன்றாங் குழுவிற்கு அழைப்பு வந்தது. செல்வதா, தவிர்வதா எனப் பெரிதும் கலங்கினார். முடிவிற் சென்றார்.

1924ஆம் ஆண்டு மே திங்களிற் கடுங்குளிரால் குழு சிதறியது. சுமை தூக்குவோர் நால்வர் வடகணவாயில் அகப்பட்டு, இறங்க அஞ்சித் தனித்து நின்றனர். நார்ட்டனும் சாமர்வெல்லும் மாலரியாரும், தம் வலிமை குன்றிக் கொடுமுடி முயற்சி கெடினுங் கெடுக எனத் துணிந்து, மே 24ஆம் நாள் அப்பேரிடர் மிக்க சரிவில் ஏறி நால்வரையும் உயிரோடு மீட்டனர். ஈராண்டுக்கு முன் எழுவரை இழந்த அதே சரிவு அது. இழந்த உயிர்க்கு ஈடு இல்லை. ஆயினும் கற்ற பாடத்தை மறவாமை உண்டு. அம்மூவர் கொடுமுடியைக் கண்ட நாளினும் இந்நாளே உயர்ந்ததென்பது என் துணிபு.

மே 27ஆம் நாள் மாலரியார் மனைவியார்க்கு எழுதிய கடிதத்தில், வெற்றிக்குரிய வாய்ப்பு ஐம்பதுக்கு ஒன்றே எனக் குறித்தார். ஜூன் 4ஆம் நாள் நார்ட்டன் 28,126 அடி வரை சென்று திரும்பினார். சாமர்வெல் தம் சிறு புகைப்படக் கருவியை மாலரியார்க்குக் கொடுத்தனுப்பினார். ஜூன் 8ஆம் நாள் மாலரியாரும், இருபத்திரண்டு வயதே நிரம்பிய ஆண்ட்ரூ இர்வைனும் மேலே சென்றனர். நண்பகல் கடந்து 12.50 மணியளவில், கீழிருந்து வந்த ஓடல் என்பார், மேகம் சற்றே விலக, முகட்டின்மேல் இரு கரும்புள்ளிகள் ஏறிச் செல்வதைக் கண்டார். மேகம் மூடியது. அதன்பின் அவர்களைக் கண்டவர் இலர்.

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லரியும் அக்கொடுமுடியில் அடி வைத்தனர். 1999ஆம் ஆண்டு மே முதல் நாள், ஏறத்தாழ 26,760 அடி உயரத்தில், மாலரியாரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. இடையிற் கயிற்றின் வடு இருந்தது, கால் முறிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்த கடிதங்கள் எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னும் எழுத்தழியாதிருந்தன. கொடுமுடியில் வைப்பதற்கென அவர் கொண்டு சென்றதாக மகளார் கூறிய மனைவியின் படம் இல்லை. சாமர்வெல்லின் கருவியும் இல்லை. 2024ஆம் ஆண்டில், கீழுள்ள பனியாற்றில், இர்வைனின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பாதம் கிடைத்தது. இருவரும் உச்சியை அடைந்தனரோ என்னும் வினாவிற்கு மட்டும் விடை கிடைத்திலது.

அன்பர்காள், யான் வினவுவது வேறு. அவர் சென்றது தகுமோ? இறந்தபோது அவர்க்கு வயது முப்பத்தேழு. மூத்த மகளுக்கு எட்டு, இரண்டாம் மகளுக்கு ஆறு, மகனுக்கு மூன்று. ஒரு வீரனின் புகழ்நிழலில் வளர்வதினும், தந்தையை அறிந்து வளர்வதையே தாம் பெரிதும் விரும்பியிருப்பேம் என அம்மகனார் முதுமையில் எழுதினார். இதனைப் படித்த நாள்முதல், மாலரியாரை வாயாரப் புகழ எழும்போதெல்லாம் என் நா சற்றே தடுமாறுகின்றது. அவரிடம் பாடங்கேட்கத் தொடங்கியிருந்த உழைப்பாளிகளும் ஆசிரியரை இழந்தனர். நிறைகோல் நடுநிற்க வேண்டுமாயின் இவற்றையும் ஒரு தட்டில் இட்டே நிறுத்தல் வேண்டும்.

மற்றைத் தட்டில் இருப்பது யாது? கொடுமுடி அன்று, அது கிடைத்ததோ கிடைத்திலதோ அறியோம். இர்விங் மாலரியைக் கைப்பிடித்தார். மாலரி கிரேவ்ஸைக் கைப்பிடித்தார். கூச்சலிட்ட வகுப்பில் ஒரு தனிச்சிறுவன் கண்டெடுக்கப்பட்டான். பிழை நேர்ந்தபோது ஓராசிரியர் அதனைத் தம் தோளில் ஏற்றார். மறுமுறை நான்கு உயிரைக் காத்தார். மேகம் மறைத்த உச்சியைப்பற்றி யாதும் சொல்ல இயலாது. இவற்றைப்பற்றி உறுதியாகச் சொல்லலாம். அன்று அச்சிறுவன் வினவிய மலை இதுவே எனல் என் கருத்து.

இதனால் நம் சங்கத்தார்க்கு விண்ணப்பிப்பன மூன்று. ஒன்று: நும் ஊர்ப் பள்ளியாசிரியர் மாணவரை ஆற்றங்கரைக்கும் மலையடிவாரத்திற்கும் பழங்கோயிற்கும் அழைத்துச் செல்ல விழைவாராயின், படிப்புக் கெடும் எனத் தடுக்கற்க; காவலாக நீவிரும் உடன் செல்க. இரண்டு: நும் நெஞ்சைத் திறந்த ஆசிரியர் உயிரோடிருப்பின், மாலையும் மேடையும் காத்திராது, நும் மக்களோடு சென்று ஒருமுறை கண்டு வருக. மூன்று: உயர்ந்தோர் பெயரைச் சொல்லுங்கால், அவர்க்குச் சுமை தூக்கியோரையும் உடன் நினைக்க. மாலரியின் பெயரை உலகறியும். பனியில் மாய்ந்த அவ்வெழுவரின் பெயரை அறிவார் மிகச் சிலரே. நம் குலத்தின் உயர்வும் இவ்வாறு பெயரறியாத எத்துணையோ தோள்களின் மேல் எழுந்ததென்பதை நாம் மறத்தல் ஆகாது.